மழையில் நனைந்தும் சூடாயிருந்த கூடாரம்

"அக்கா, ஆகப் பாரம் குறைஞ்ச டென்ட் எது?"

வேலைக்குப் புதிதாகச் சேர்கிற நீங்கள் ஒவ்வொருவரும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். அதையும் கிராமில் கேட்கிறீர்கள், நகைக்கடையில் நிற்கிறவர்கள் மாதிரி. திருகோணமலையில் ஆட்களைச் சைக்கிளில் ஊர் சுற்றிக் காட்டுகிற சிறிய நிறுவனம் ஒன்றில் கூடாரம், பாய், அடுப்பு, வருகிற ஆட்கள் எல்லாவற்றுக்கும் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வயது போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற பதில் இல்லை இது.

பாரம் முக்கியம் இல்லை என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? கச்சான் காற்று முகத்தில் அடிக்கக் கிண்ணியாப் பாலத்தில் ஏறுகிறவருக்குப் பின்னால் தொங்குகிற ஒவ்வொரு பொருளும் பகையாளியாகத்தான் தெரியும். பாரமான கூடாரத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள் மறுநாளே அதை லொறியில் ஏற்றிவிடச் சொல்லிக் கெஞ்சியதைப் பார்த்திருக்கிறேன். இலேசானதையே வாங்குங்கள். மடித்தால் ஹாண்டிலுக்கு நடுவே அடங்குமா என்று பாருங்கள். கம்பு முறிந்தால் மாற்றுக் கம்பு கிடைக்குமா என்று கேளுங்கள். அடித்துணியை நெருஞ்சி முள் கிடக்கிற நிலத்தில் விரித்துப் பாருங்கள், கடையின் பளிங்குத் தரையில் அல்ல. முளை அடிக்காமல் தானாக நிற்குமா என்று பாருங்கள், ஏனென்றால் நம்முடைய கடற்கரை மணலில் அடித்த முளை முதல் காற்றிலேயே கழன்றுவிடும். இதெல்லாம் கடைக்காரரே சொல்லித் தருவார். அவர் சொல்லாததைச் சொல்லத்தான் நான் இருக்கிறேன்.

ஒருமுறை கிண்ணியாவில் இருந்து பெண்கள் குழு ஒன்று எங்களோடு வந்தது. எல்லோரும் பள்ளிக்கூட ஆசிரியைகள், வாயாடிகள், எனக்கு நிறையப் பிடித்துப்போனவர்கள். அவர்களுக்கென்று புதிதாக வாங்கிய வெளிர் மஞ்சள் கூடாரங்களை அடித்துக் கொடுத்தோம். துணி வெங்காயத் தோல் மாதிரி. பொழுது பட்டதும் ஒருத்தி உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு உடுப்பு மாற்றத் தொடங்கினாள். சோற்றுப் பானையோடு வெளியே நின்ற எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கூடாரச் சுவர் முழுக்க அவளுடைய நிழல், விரல் விரலாகத் தெரிகிறது! "லைட்ட நூருங்க புள்ள! எல்லாம் வெளிய தெரியுது!" என்று பக்கத்துக் கூடாரக்காரி போட்ட சத்தத்தில் மரத்தில் இருந்த காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. நல்லவேளை, அந்தப் பக்கம் ஆண்கள் யாரும் இருக்கவில்லை. விளக்கு நூர்ந்த பிறகு அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கூடாரம் வந்தாலும், பொழுது பட்டபின் உள்ளே விளக்கை வைத்து வெளியே நின்று பார்க்காமல் நான் ஏற்றுக்கொண்டது கிடையாது.

அது சிரித்துவிட்டுப் போகிற கதை. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

மாரி முடிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய ஒரு மாசி மாதம். மட்டக்களப்பில் இருந்து மாலினி, கௌரி என்று இரண்டு சகோதரிகள் வந்திருந்தார்கள். மூத்தவள் மாலினி வங்கியில் வேலை, இளையவள் கௌரி படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். கொட்டியாரக் குடாவைச் சுற்றிக்கொண்டு சம்பூர்க் கடற்கரை வரை சைக்கிளில் போய்வர ஆசைப்பட்டார்கள். எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த சுதன்தான் அந்தப் பயணத்துக்குத் தலைவன். அவன் பழகும் வரைக்கும் கூடப் போகவேண்டியவள் நான். ஆக, நாங்கள் நான்கு பேர்.

புறப்படுகிற அன்று காலையில் மாலினி தன் பையில் இருந்து ஒரு கூடாரத்தை எடுத்தாள். கனடாவில் இருக்கிற அவர்களுடைய அண்ணன் அனுப்பியது. சுதன் அதை ஒரு விரலில் தூக்கிக் காட்டினான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை கெட்டான்.

நான் அதை விரித்துப் பார்த்தேன். குறை சொல்ல முடியாத தையல். நம்முடைய கூடாரங்களுக்கு உள்ளே வலையும் வெளியே மழைத்துணியும் என்று இரண்டு சுவர் இருக்கும். இதற்கு ஒரே சுவர்தான். துணி நிலம் வரைக்கும் இறங்கி மண்ணோடு ஒட்டிக்கொண்டு நின்றது. வாசலுக்கு முன்னால் செருப்பும் பையும் வைக்க ஒரு சின்ன மறைப்பு, அதற்கும் நிலம் வரைக்கும் துணி. உச்சியில் கையகலத்துக்கு ஒரு காற்றுத் துளை, அவ்வளவுதான். பனிமலைக்கென்று செய்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"பிள்ளையள், இது இந்த ஊருக்குச் சரிவராது. எங்கட டென்டைத் தாறன், கொஞ்சம் பாரம், ஆனா காத்து வரும்," என்றேன்.

"அண்ணன் இதுக்க பனியில படுத்துப் பாத்திட்டு அனுப்பினவர் அக்கா," என்றாள் மாலினி.

"பனிக்கு நல்லதெண்டா பனிக்குக் கொண்டு போங்கோ. இஞ்ச அவிஞ்செல்லோ போவியள்."

"அண்ணன் ஆசையா அனுப்பினது. இதுக்க படுத்து ஒரு படம் எடுத்து அனுப்பாட்டி அவருக்குக் கவலையாப் போகும்," என்றாள் கௌரி.

அதற்கு மேல் என்ன சொல்வது? வெளிநாட்டில் இருந்து கூடப்பிறந்தவன் அனுப்பிய சாமானில் குறை கண்டுபிடிக்க நம்முடைய ஆட்களுக்கு மனம் வராது. அங்கே குளிரில் கிடப்பவனுக்குக் குளிர்தான் பெரிய பயம். ஆகவே தங்கைமாருக்கும் குளிருக்கானதைத் தேடி வாங்கி அனுப்பிவிட்டான். வெயிலில் வேர்த்தால் தாங்களே எங்கள் கூடாரத்தைக் கேட்டு வாங்குவார்கள் என்று எண்ணி எங்கள் கூடாரத்தையும் சுதனின் சைக்கிளில் கட்டச் சொன்னேன். அவன் முணுமுணுத்தான். கட்டினான்.

மூதூர் தாண்டும் வரைக்கும் நல்ல வெயில். அதன் பிறகு வானம் திடீரென்று கறுத்துக் கொட்டத் தொடங்கியது. ஒதுங்க ஒரு கடைகூட இல்லாத வெட்டை வெளி. கட்டைபறிச்சானில் சுகந்தி வீட்டு வளவுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாங்கள் நால்வரும் ஊறிப்போயிருந்தோம். கௌரிக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் கொதிக்கிறது.

சுகந்தியும் அவள் புருசன் யோகனும் வயல் செய்கிறவர்கள். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர்களுடைய வளவில்தான் கூடாரம் அடிப்போம். நல்ல மனிதர்கள். ஒரே பிள்ளை, நாலு வயதுக் கவி. பெரும்போக அறுவடை நேரம் அது. முற்றத்திலும் தெருவிலும் படங்கு விரித்துக் காயப்போட்டிருந்த நெல்லை மழையில் இருந்து காப்பாற்றக் குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது. நெல் எடுக்க மூதூரில் இருந்து வந்திருந்த நசீர் நானாவும் தன் சின்ன லொறியை வாசலில் விட்டுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டை இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. விறாந்தையில் மூட்டை, சாமியறையில் மூட்டை, கட்டில் மேலும் நெல்.

"அக்கா, இந்தப் பிள்ளையளை எங்க இருத்துறது?" என்று சுகந்திக்கு அழாக்குறை.

"டென்டுக்க இருத்துவம். நீங்க நெல்லைப் பாருங்கோ," என்றேன்.

மாமர ஓரம் மேடாக இருந்த இடத்தில் கனடாக் கூடாரத்தைச் சுதன் கண் மூடித் திறப்பதற்குள் நிமிர்த்திவிட்டான். அந்த விசயத்தில் அதைப் பாராட்டத்தான் வேண்டும். சகோதரிகள் இருவரும் உள்ளே போய் உலர்ந்த உடுப்பு மாற்றி, நித்திரைப் பையை விரித்துப் படுத்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. நானும் சுதனும் நெல்லுக்கு ஓடினோம்.

படங்கின் ஒரு முனையை நானும் மறுமுனையை யோகனும் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது. சுதன் மூட்டையோடு வழுக்கி விழுந்ததும், நானா "தம்பி, நெல்லுக்கு முந்தி நீ முளைச்சிருவ போல!" என்று கேலி பண்ணியதும் நினைவிருக்கிறது. ஒருவழியாக நெல் எல்லாம் உள்ளே போனது. மழையும் தூறலாக இறங்கியது. சுகந்தி இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். எல்லோர் முகத்திலும் தப்பித்துவிட்டோம் என்ற சந்தோசம்.

இரண்டு கோப்பையை எடுத்துக்கொண்டு கூடாரத்தடிக்குப் போனேன். கூப்பிட்டேன். பதில் இல்லை. களைத்துப்போன பிள்ளைகள், நல்ல நித்திரை, பிறகு கொடுப்போம் என்று திரும்பினேன். திரும்பும்போது வழுக்கியது. விழாமல் இருக்கக் கூடாரச் சுவரில் கையை ஊன்றினேன்.

துணி சூடாக இருந்தது.

அவ்வளவு நேரம் மழையில் நனைந்த துணி. தண்ணீர் இன்னும் அதில் வழிந்துகொண்டிருக்கிறது. அது எப்படிச் சூடாக இருக்கும்? புறங்கையை வைத்துப் பார்த்தேன். வாசல் பக்கம் இன்னும் சூடு.

"சுகந்தி! உள்ளுக்க என்ன வைச்சனீங்க?"

"தணல் சட்டி அக்கா," என்றாள் அவள் குசினி வாசலில் நின்று, சாதாரணமாக. "அந்தத் தங்கச்சி நடுங்கிச்சுதெல்லோ. சிரட்டைக்கரி நல்லாப் பிடிச்ச பிறகு புகை இல்லாமத்தான் வைச்சனான். சூடு போகாம வடிவா இழுத்துப் பூட்டியும் விட்டனான்."

உங்களுக்குத் தெரியும், நம்முடைய வீடுகளில் மழைக்காலம் என்றால் தணல் சட்டி வைப்பது வழக்கம். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிறோம், காய்ச்சல்காரருக்கு வைக்கிறோம், ஈரத் தலைக்குச் சாம்பிராணி போட்டு வைக்கிறோம். ஒன்றும் நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை என்று நாம் யோசித்ததும் இல்லை. நம்முடைய ஓட்டு வீட்டில் காற்று வந்து போக ஆயிரம் வழி இருக்கிறது, அதுதான் காரணம். அந்தக் கூடாரத்தில் இருந்தது கையகலத் துளை ஒன்று. சாரல் அடிக்கிறது என்று மாலினி அதையும் ஒட்டி மூடிவிட்டாள். கரியில் இருந்து வருகிற நச்சு வாயுவுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. புகை இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று நம்பித்தான் சுகந்தி அந்தச் சட்டியை அத்தனை கவனமாகத் தயார் செய்திருக்கிறாள்.

நான் சத்தம் போட்ட விதத்தில் சுதன் ஓடிவந்து வாசல் சிப்பைப் பிடித்து இழுத்தான். பாரம் குறைக்க வேண்டும் என்று சிப்பையும் நூல் மாதிரி மெலிதாக்கியிருந்தார்கள். ஈரத்துணி அதன் பல்லுக்குள் சிக்கி, இழுக்க இழுக்க இறுகியது.

"பொறுங்கோ அக்கா, மெல்ல எடுத்துப்போடுவன். இழுத்தாக் கிழிஞ்சிடும்!"

கிழிந்துவிடுமாம்! அந்த நேரத்திலும் அவனுக்கு அந்தத் துணி மேல் ஆசை. அவனைத் திட்டாதீர்கள். பதற்றத்தில் மனிதனுக்குக் கையில் இருக்கிற பொருள்தான் தெரியும், அதற்குள் இருப்பது தெரியாது. பிறகு அவன் அடுத்த வேலைக்குப் போனான். "கம்பை உருவுவம்!" என்று கம்பில் கை வைத்தான்.

"தொடாதே!" என்று கத்தினேன். "உள்ளுக்க தணல் கிடக்கு! துணி விழுந்தா உருகி அதுகளின்ர மேல ஒட்டும்!"

நசீர் நானா சாக்குக் கயிறு அறுக்கிற கத்தியோடு ஏற்கனவே என் பக்கத்தில் நின்றார். நான் கேட்கவில்லை, அவரே நீட்டினார். எங்கே வெட்டுவது? வாசல் பக்கம் நெருப்பு. எதிர்ப்பக்கம் தலையா காலா தெரியாது. உள்ளங்கையால் துணியை அமுக்கிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் தோள் எலும்பு தட்டுப்பட்டது. அதற்கு ஒரு சாண் உயரே, சுவரில் கத்தியை இறக்கி இழுத்தேன். அத்தனை உறுதியான துணி, பழந்துணி மாதிரிப் பிரிந்தது.

உள்ளே இருந்து வந்த காற்று முகத்தில் பட்டபோது வந்த திடுக்கத்தை எப்படிச் சொல்ல? வெதுவெதுப்பு. வேறொன்றும் இல்லை. நாற்றம் இல்லை, புகை இல்லை. குழந்தையைத் தூங்கவைக்கிற இதமான வெதுவெதுப்பு. பயப்படுவதற்கு அதில் எதுவுமே இருக்கவில்லை.

மாலினியைக் கக்கத்தில் பிடித்து இழுத்தோம். வெளியே வந்ததும் சத்தி எடுத்துக் கக்கினாள். கௌரி துவண்டு போயிருந்தாள், ஆனால் மூச்சு இருந்தது. இருவரையும் ஈரப் படங்கில் சாய்த்துக் கிடத்தினோம். யோகன் விசிறினான். நான் முழங்காலில் உட்கார்ந்து, இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

"கவி எங்க?"

சுகந்திதான் கேட்டாள். சத்தமாகக்கூட இல்லை.

"உன்னோட குசினிக்க எண்டெல்லோ நினைச்சன்," என்றான் யோகன்.

"நான் உங்களோட லொறியடியில எண்டு..."

இருவரும் நானாவைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. படங்கில் கிடந்த மாலினி கண்ணைத் திறக்க முடியாமல் கையை மட்டும் தூக்கினாள். "காலடியில..." என்றாள்.

கூடாரம் என்றால் கவிக்கு உயிர். நாங்கள் எப்போது போனாலும் முதலில் நுழைகிறவள் அவள்தான். நெல்லோடு எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தபோது சகோதரிகளிடம் போயிருக்கிறாள். அவர்களும் ஆசையாகக் கூப்பிட்டுத் தங்கள் காலடியில் நித்திரைப் பைக்குள் படுக்க விட்டிருக்கிறார்கள். பைக்குள் மூழ்கிக் கிடந்தவள், சட்டியோடு வந்த சுகந்தியின் கண்ணில் படவில்லை. இரண்டு பேருக்கான கூடாரம், இரண்டு பேரை இழுத்துவிட்டோம், வேலை முடிந்தது என்று நாங்கள் நிற்கிறோம்!

வெட்டின வழியால் தலையைக் கொடுத்து உள்ளே பாய்ந்தேன். பையைத் தடவிக்கொண்டிருக்க நேரமில்லை. வாய்ப்பக்கத்தைப் பிடித்து அப்படியே மொத்தமாக வெளியே இழுத்தேன். அடியில் ஒரு சின்னப் பாரம். நானா பையை வகுந்தார். கவி சுருண்டு கிடந்தாள், கண் பாதி திறந்திருந்தது, கூப்பிட்டால் பார்க்கவில்லை. மூக்கடியில் விரலை வைத்தேன். மூச்சு வருகிறதா இல்லையா என்று தெரியவில்லை. கன்னத்தை வைத்தேன். வந்தது, கொஞ்சமாக.

லொறியின் பின்பக்கம் பாதிக்கு மேல் நெல் மூட்டை. நானா தானே ஏறி மூட்டைகளைச் சேற்றுக்குள் தள்ளத் தொடங்கினார். நனையாமல் காப்பாற்ற அத்தனை பேர் உயிரைக் கொடுத்து ஓடிய நெல். யோகன் மூட்டைகளைப் பார்த்துத் திகைத்து நின்றான், மூளை வேலை செய்யவில்லை. "நெல்லுக் கெடக்கட்டும், புள்ளையத் தூக்குங்க!" என்று அவர் போட்ட அதட்டலில்தான் அசைந்தான்.

முன்னால் இருக்கையில் ஏற்றச் சொன்னார் அவர். நான் மாட்டேன் என்றேன். கண்ணாடி மூடின இடம் வேண்டாம், மூவரையும் பின்னால் திறந்த வெளியில் போடுவோம், காற்று அடிக்கட்டும் என்றேன். போகிற வழி முழுக்கச் சுகந்தி பிள்ளையை மார்போடு அணைத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே இருந்தாள். நான் இழுத்து விலக்க விலக்க அவள் திரும்ப மூடினாள்.

"மூடாதேங்கோ சுகந்தி! முகத்தில காத்துப் படட்டும்!"

"குளிருது அக்கா பிள்ளைக்கு, குளிருது!"

கடைசியில் அவளுடைய இரண்டு கையையும் நான் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு தாயின் கையைப் பிள்ளையிடம் இருந்து பலவந்தமாகப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, அவள் என்னை உதற உதற, குண்டும் குழியுமான அந்தத் தெருவில் போனது இருக்கிறதே, அதை என் எதிரிக்கும் நினைக்க மாட்டேன்.

மூதூர் ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் ஒருவர் ஓடிவந்தார். "என்ன நடந்தது?" என்றார்.

"மழையில நனைஞ்சு காய்ச்சல் டொக்டர்," என்றான் யோகன்.

நான் திகைத்துப்போனேன். அவன் கண் என்னைக் கெஞ்சியது. பெண்டாட்டி வைத்த சட்டி என்று ஊர் சொல்லக்கூடாதே என்ற பயம் அவனுக்கு. அவள் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் இல்லை," என்றேன். "பூட்டின டென்டுக்க கரித் தணல் வைச்சது. மூண்டு பேரும் அதுக்க கிடந்தவை. பிள்ளைதான் ஆகக் கீழ கிடந்தது."

டொக்டரின் முகம் மாறியது. அதற்குப் பிறகு அவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூவருக்கும் ஒட்சிசன் முகமூடி ஏறியது. காய்ச்சல் என்று நம்பியிருந்தால் வேறு வைத்தியம் அல்லவா தொடங்கியிருக்கும், நேரமல்லவா போயிருக்கும்? சுகந்தி தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வையை நான் தாங்கிக்கொண்டேன். நீங்களும் தாங்கிக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் யாருடைய மானத்தையும் காப்பாற்றப் போகாதீர்கள். உயிர் வந்த பிறகு மானத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கூடாரம் வாங்கும்போது தண்ணீர் உள்ளே வருமா என்று எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் காற்று எந்த வழியால் வந்து எந்த வழியால் போகும் என்று பாருங்கள். உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூட முடியாத வழி இருக்க வேண்டும். மூடக்கூடியதை மழை வந்தால் மனிதர்கள் மூடத்தான் செய்வார்கள். உள்ளே வலைச் சுவர் இருக்கட்டும், கொஞ்சம் பாரம் கூடினால் கூடட்டும். சிப்பை நனைத்துவிட்டு ஒரு கையால் இழுத்துப் பாருங்கள். விருந்தினர் தங்கள் கூடாரத்தைக் கொண்டுவந்தால், அண்ணன் அனுப்பினதோ அரசன் அனுப்பினதோ, அதையும் இதே மாதிரிப் பாருங்கள். இதற்கெல்லாம் மேலே, வளவுக்காரருக்கு வாயால் சொல்லுங்கள்: உள்ளே தணல் கூடாது, அடுப்புக் கூடாது, நுளம்புத்திரி கூடக் கூடாது. வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஏனென்றால் அந்த ஆபத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வருகிறவர் உங்கள் மேல் அன்புள்ள ஒருவராகத்தான் இருப்பார். அன்பாக வருவதை யாரும் தடுப்பதில்லை.

மாலினியும் கௌரியும் தலையிடியோடு தப்பினார்கள். கவிதான் கண் திறக்கவில்லை. யோகன் கட்டிலடியில் நின்றான். சுகந்தி உள்ளே வரவே இல்லை. வெளியே சுவரோடு ஒட்டிக்கொண்டு, "நான்தானே அக்கா பூட்டினனான், நான்தானே வடிவாப் பூட்டினனான்," என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றாள். நசீர் நானா வெறும் மேலோடு படிக்கட்டில் இருந்தார். தன் சேட்டைக் கழற்றி, வழியில் பிள்ளையின் தலைக்குக் கீழே வைத்திருந்தார்.

கவி கண்ணைத் திறந்தபோது முதலில் என்னைத்தான் பார்த்தாள். பிறகு சுற்றிப் பார்த்தாள். "அம்மா," என்றாள். முகமூடிக்குள் இருந்து குரல் மெல்ல வந்தது.

நான் ஓடிப்போய்ச் சுகந்தியின் கையைப் பிடித்து இழுத்துவந்து கட்டிலடியில் நிறுத்தினேன். பிள்ளையைத் தொட அவளுக்குப் பயம். கையை நீட்டுகிறாள், பின்னுக்கு இழுக்கிறாள். டொக்டர் முகமூடியைக் கொஞ்சம் தூக்கிவிட்டார்.

"அம்மா, டென்டுக்க நல்ல சூடு," என்றாள் கவி. முகத்தில் சிரிப்பு. "நாளைக்கும் அந்தச் சட்டி வையுங்கோ அம்மா. நான் அதுக்கதான் படுப்பன்."

சுகந்தி திரும்பி நடந்துபோய், அந்த அறையின் யன்னல்களை ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கினாள். ஒன்று, அடுத்தது, அதற்கு அடுத்தது. மழை மறுபடி பலமாகப் பிடித்திருந்தது. சாரல் நிலத்திலும் கட்டில்களிலும் அடித்தது. "ஐயோ அம்மா, நோயாளர் நனையினம்!" என்று தாதி ஒருத்தி யன்னலைப் பூட்ட ஓடினாள்.

நான் குறுக்கே போய்த் தாதியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.